குடும்ப வன்முறையும் செய்தித்துறையின் பொறுப்பும்

மதனப்பள்ளி கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். 1919ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் இங்குள்ள பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் இதுவே. 2021 ஜனவரி 24ஆம் நாள் இரவுக்குப் பின்னர் இவ்வூரின் பெயர் நாடெங்கும் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. நன்கு கற்ற ஒரு குடும்பத்தில், இருபது வயதைக் கடந்த இரு மகள்கள் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். கல்விப் பணியில் இருந்த பெற்றோரே குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாயினர். இறந்தவர்கள் மீண்டும் உயிர்பெற்று எழுவார்கள் என்று அவர்கள் நம்பியதாகக் காவல்துறை தெரிவித்தது.

அன்று மதனப்பள்ளியும் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் நடைபெற்ற மாவட்டப் பிரிவினைக்குப் பின்னரே திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கைதானவர்கள் மனநலப் பரிசோதனைக்காகத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குள்ள மருத்துவர்களின் பரிந்துரைப்படி, எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள விசாகப்பட்டினம் அரசு மனநல மருத்துவமனைக்குப் பின்னர் அனுப்பப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி செய்தியாக வெளிவந்ததில் தவறில்லை. ஆனால், செய்தி வெளியிடப்பட்ட முறை ஆராயத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தடுமாறிய மனநிலையில் பேசிய சொற்கள் படக்காட்சிகளாகத் தொலைக்காட்சியிலும் கைப்பேசிகளிலும் பரவின. மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வருமுன்னரே மூடநம்பிக்கை, மாந்திரிகம், பித்து என்று பலவாறான தீர்ப்புகள் வழங்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மாற்றங்களை யார் கவனித்திருக்கக் கூடும், எந்த நிலையில் எந்த உதவி கிடைத்திருந்தால் இரு உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்ற வினாக்கள் போதிய இடம் பெறவில்லை.

வெளியே தெரியாத துயரம்

இத்தகைய கொடுஞ்செயல்கள் மிக அரியவை. குடும்ப வன்முறை என்பதோ அரிய ஒன்றன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உட்பட்ட பெண்களில் 14 சதவீதத்தினர் மட்டுமே உதவி நாடினர். 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கேட்கவுமில்லை. நேர்ந்ததை வாய்திறந்து சொல்லவுமில்லை.

மனநலத் துறையின் நிலையும் இதனை ஒத்ததே. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. இக்குறைபாடுகளின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதத்தினர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தனர். மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம்; 'ஊரார் என்ன சொல்வார்களோ' என்ற அச்சம் மற்றொரு காரணம்.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வன்முறையில் இறங்குவதில்லை என்பதையும், வன்முறை புரிவோரில் பெரும்பாலோர் மனநோயாளிகள் அல்லர் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். ஒரு கொலைச் செய்தியை 'பைத்தியம்' என்ற சொல்லுடன் நாள் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகிறது. தூக்கமின்றித் தவிக்கும் மகளையோ, காரணமின்றி அஞ்சும் கணவரையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எண்ணிய குடும்பம், அந்தச் செய்தியைக் கண்டபின் தயங்கும். அத்தயக்கமே பரபரப்பினால் விளையும் முதற்கேடு.

பரபரப்பின் பொருளாதாரம்

செய்தி நிறுவனங்கள் ஏன் இவ்வழியை நாடுகின்றன? புலனாய்ந்து எழுதப்படும் செய்திக்குப் பயணச் செலவு, ஆட்செலவு, காலம் ஆகிய மூன்றும் தேவை. கையில் கிடைத்த ஒரு படக்காட்சியை நூறுமுறை ஒளிபரப்புவதற்கு ஏறக்குறையச் செலவேயில்லை. பார்வையாளர் கூட்டமோ விளம்பர வருவாயைக் கொண்டுவருகிறது. வருவாய் நிறுவனத்துக்குச் சேர்கிறது. அவப்பெயரையும் அச்சத்தையும் சிகிச்சையில் ஏற்படும் தாமதத்தையும் பிறர் சுமக்கின்றனர். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் போன்று, இலாபம் ஓரிடத்திலும் கேடு வேறோரிடத்திலும் விளையும் இந்நிலையைப் பொருளியலார் புறவிளைவு என்பர்.

பார்வையாளர் கணக்கெடுப்பு ஒன்றே காரணம் என்று கூறிவிடவும் இயலாது. செய்தி அலைவரிசைகளுக்கான வாராந்திரக் கணக்கை பார்க் அமைப்பு 2020 அக்டோபரில் நிறுத்திவைத்து, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளியிட்டது. மதனப்பள்ளி நிகழ்ச்சி அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தது. கணக்கு வெளியாகாத போதும் பரபரப்பு குறையவில்லை. சமூக ஊடகங்களின் போட்டி, பழகிப்போன செய்தி முறை, பார்வையாளரின் ஆவல் ஆகிய அனைத்தும் இதில் பங்கு கொள்கின்றன. எனவே பார்வையாளராகிய நாமும் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது.

சட்டம் கூறுவது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவில், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ பிற விவரங்களையோ அவரது இசைவின்றிச் செய்தித்துறைக்குத் தருவதைத் தடுக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இவ்வுரிமை இல்லையென்று அச்சட்டம் கூறவில்லை. இப்பிரிவைச் சுட்டிக்காட்டி, மனநோய், தற்கொலை பற்றிய செய்திகளுக்கான நெறிமுறைகளை இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 16ஆம் பிரிவில், சூழ்நிலை அதற்குரியதென நடுவர் கருதி, வழக்கில் ஒரு தரப்பினரும் விரும்பினால், மூடிய அறையில் விசாரணை நடத்த வழிசெய்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றமாகும். கொலையுண்டோரின் பெயரையும் படத்தையும் வெளியிடப் பொதுவான தடை ஏதுமில்லை. அந்த இடத்தைச் செய்தியாளரின் தன்னடக்கமே நிரப்ப வேண்டும்.

மதனப்பள்ளி நிகழ்ச்சிக்கு ஆறு நாட்களுக்கு முன்னர், 2021 ஜனவரி 18இல், பம்பாய் உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஊடக விசாரணையின் தீங்கை விரிவாக எடுத்துரைத்தது. காவலரிடம் அளித்ததாகக் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை, நீதிமன்றம் ஏற்கத்தக்க சான்றுபோலக் காட்டுவது தவறு என்று அது குறிப்பிட்டது. அத்தகைய வாக்குமூலம் பொதுவாகச் சான்றாகாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் கொள்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்திலும் அக்கொள்கை தொடர்கிறது. மனநிலைக் குலைவால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதிருந்தாரா என்பதை நீதிமன்றமே மருத்துவச் சான்றின் துணையுடன் முடிவு செய்யும். காவல்துறை செய்தியாளர்களுக்கு விவரம் அளிக்கும் முறை குறித்து ஒரு கையேட்டை உருவாக்குமாறு உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பரில் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் படம்பிடிப்பதை அலுவலர்கள் அனுமதித்தல் கூடாது. விவரம் அளிக்கும் பொறுப்பு ஓர் அலுவலரிடம் இருத்தல் நலம். பிறர் ஊகங்களைக் கூறாதிருக்க அது உதவும்.

இரண்டாவதாக, மனநோயாளி ஒருவர் தம் வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் என்று நம்பக் காரணமிருப்பின், காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் அதனை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மனநலச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. இதனை அறிந்த கிராம அலுவலரும் ஆசிரியரும் உரிய காலத்தில் தகவல் தர இயலும்.

மூன்றாவதாக, குடும்ப வன்முறை பற்றிய ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் உதவி கிடைக்கும் இடத்தைக் குறிப்பிடலாம். மகளிர் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசர உதவிக்கு 112 ஆகிய எண்கள் உள்ளன. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். 2015 முதல் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் சிகிச்சை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் அளிக்கின்றன. இவற்றைத் தெரிவிக்க இரு வரிகள் போதும்.

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை எழுந்தது. அந்நாளில் காசநோய் குடும்பங்கள் மறைத்துவைத்த நோய். பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சிய நோய். மருந்தும் மருத்துவமனையும் அறிவுப் பரப்பலும் இணைந்து அவ்வச்சத்தைப் பெருமளவு குறைத்தன. மனநோயும் குடும்ப வன்முறையும் இன்று அதே திரைக்குப் பின்னால் உள்ளன. அத்திரையை விலக்குவதில் செய்தித்துறைக்குப் பெரும்பங்கு உண்டு. மதனப்பள்ளியில் மாண்ட இரு இளம்பெண்களைப் பற்றிய செய்தி, அதே நிலையிலிருந்த வேறொரு வீட்டின் கதவை மருத்துவருக்குத் திறந்துவிட்டிருக்கக் கூடும். இனி எழுதப்படும் செய்திகளேனும் அதனைச் செய்ய வேண்டும்.