எமது காலடி நிலத்தின் கதை

நிலம் அசையாதது, கடல்தான் அசைவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் சிலாவத்துறைக் கரை கடலினால் ஆக்கப்பட்டது. இன்றும் கடலினால் மாற்றப்பட்டு வருவது. இதை அறிந்துகொள்வது எமது கிணற்றுத் தண்ணீரைக் காப்பதற்கும் உதவும்.

கடலில் பிறந்த கல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடும்பாறையால் ஆனது. புத்தளம் முதல் மன்னார் ஊடாக யாழ்ப்பாணம் வரையுள்ள கரையோரம் வேறு விதமானது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஆழங்குறைந்த கடலாக இருந்தது. சிப்பி, சங்கு, முருகை ஆகியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து, மேலே சேர்ந்த படிவுகளின் பாரத்தால் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பின்னர் கடல் விலக, அது நிலமாயிற்று.

கடல் பின்வாங்கிய காலமும் உண்டு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் இன்றையதிலும் கூடிய பங்கு பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது மன்னாரும் இராமேஸ்வரமும் ஒரே நிலத்தொடராய் இருந்தன. பனி உருகியதும் கடல் மீண்டும் ஏறி வந்தது.

ஆறு கொடுக்கும், அலை எடுக்கும்

164 கிலோமீற்றர் ஓடிவரும் அருவியாறு, உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து உண்டான மணலையும் வண்டலையும் அரிப்புக்கு அருகே கடலில் சேர்க்கிறது. சோளகக் காற்றின் அலைகள் அம்மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் அது மறுபுறம் நகர்கிறது. வரவு குறைந்தால் கரை தேயும்.

பெயருக்கேற்றாற்போல், அரிப்பில் இதைக் கண்ணாரக் காணலாம். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801 – 1804 காலப்பகுதியில் கட்டுவித்த மாளிகையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்பர். மேட்டை அலைகள் அரித்ததால் அதன் பகுதிகள் இடிந்து கடலில் வீழ்ந்துவிட்டன. இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்தது இது.

மிதக்கும் நன்னீர்

கரையோர நிலத்தடியில் மழைநீர், தன்னிலும் பாரமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால் காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உவர்நீர் ஏறிவிடும். அளவுக்கு மீறி இறைத்த கிணறு உவராவது இதனாலேயே. உவரான கிணறு தேற மழைக்காலங்கள் பல செல்லும்.

நாம் செய்யக்கூடியவை:

1. நீரிறைக்கும் இயந்திரத்தால் தொடர்ந்து இறைக்காமல், ஊறவிட்டு இறைத்தல்.

2. குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல்.

3. மலசலகூடக் குழிகளைக் கிணற்றுக்குத் தூரமாய் அமைத்தல். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு விரைந்து பரவும்.

4. கரையிலும் ஆற்றிலும் கண்டபடி மணல் அள்ளாதிருத்தல். மணலைப் பிடித்து வைக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பிடுங்காதிருத்தல்.

ஒரு வீட்டார் மட்டும் இவற்றைக் கடைப்பிடித்துப் பயனில்லை. அயற்கிணறுகள் யாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நீர். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். இறைவன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஆக்கித் தந்த இந்நிலத்தை ஒரு தலைமுறையில் பாழாக்காமல் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது எமது பொறுப்பு.