குத்தம்பாக்கத்தில் எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: கு, த், த, ம், பா, க், க, ம். எட்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை ஈமேக்ஸ் எடிட்டரில் தட்டி, தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால், அது 14 என்கிறது.

பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும் எனக்கு இந்த வித்தியாசம் பெரிய தலைவலி. கட்டத்துக்கு ஓர் எழுத்துதானே வைக்க முடியும்? எடிட்டர் தப்பாக எண்ணுகிறது என்றும் சொல்ல முடியாது. யூனிகோடில் 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'த்' என்பது தகரமும் புள்ளியும். அது குறிகளையும் சேர்த்து எண்ணுகிறது, நான் எழுத்துகளை எண்ணுகிறேன். வேறு மென்பொருளாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பேன். ஈமேக்ஸுக்கு நம் கணக்கைக் கற்றுக்கொடுக்கலாம். அதற்காகவே பிறந்த எடிட்டர் அது.

1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த குறுக்குவழிகளை ஒன்றாகத் திரட்டினார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதில் முன்னே நின்றவர்கள். அந்தத் திரட்டுதான் ஈமேக்ஸ். இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். அடிப்படை வேலைகளுக்கு சி மொழி. மற்றதில் பெரும்பகுதி லிஸ்ப். 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய அதே லிஸ்பின் ஒரு கிளை.

லிஸ்பைப் பார்த்து மிரள வேண்டாம். எந்தக் கோப்பிலும் (* 12 (+ 4 6)) என்று தட்டி, கடைசி அடைப்புக்குறிக்கு அடுத்து கர்சரை வைத்து, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஈ அழுத்துங்கள். திரையின் அடிவரியில் 120 என்று வரும். செய்ய வேண்டிய வேலை முதலில், எதை வைத்துச் செய்வது என்பது அடுத்து, எல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள். மொழியின் இலக்கணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஈமேக்ஸில் ஒவ்வொரு விசைக்குப் பின்னாலும் இப்படி ஒரு கட்டளை இருக்கிறது. 'அ' தட்டினால் 'அ' விழுவதுகூட ஒரு கட்டளை ஓடுவதால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சிக்கல் வந்தால் எடிட்டரிடமே கேட்கலாம் என்பது. கண்ட்ரோல்-எச், பிறகு கே, பிறகு ஏதாவது ஒரு விசை: அந்த விசை என்ன செய்யும் என்று விளக்கம் வரும். விளக்கத்தில் உள்ள கோப்பின் பெயரைச் சொடுக்கினால், அந்தக் கட்டளையை எழுதிய நிரலே கண் முன்னால் திறக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது: எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று புதிய எழுத்துகள் பழைய எழுத்துகளைத் தின்ன ஆரம்பிக்கும். என்ன தொட்டோம் என்றே தெரியாது. பதற்றப்படாமல் கண்ட்ரோல்-எச், எல் அழுத்துங்கள். கடைசியாகத் தட்டிய 300 விசைகளும், எந்த விசை எந்தக் கட்டளையை ஓட்டியது என்பதும் வரிசையாக நிற்கும். கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் 'இன்சர்ட்' விசை அகப்படும். கை தவறிப் பட்டிருக்கிறது. மறுபடி ஒரு தடவை அழுத்தினால் சரியாகிவிடும். அந்த விசை நமக்கு வேண்டவே வேண்டாம் என்றால், தொடக்கக் கோப்பில் ஒரே வரி எழுதி அதைச் செயலிழக்கச் செய்யலாம். பலருக்கும் முதல் லிஸ்ப் வரி இப்படித்தான் அமைகிறது: ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய்.

எழுத்துக் கணக்குக்கு வருகிறேன். ஒரு வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கட்டளை ஈமேக்ஸில் ஏற்கெனவே உண்டு, பெயர் 'ஹவ்-மெனி'. யூனிகோடின் தமிழ் வரிசையில் ஆய்தம், உயிர், மெய் எல்லாம் ஃ-இலிருந்து ஹ வரை நிற்கின்றன. துணையெழுத்துகளும் புள்ளியும் அதற்கு அப்பால். ஆகவே [ஃ-ஹ] என்று கேட்டால் போதும், குறிகள் தாமாகக் கழிந்துவிடும்.

கேட்டேன். சுழியம் என்றது. அரை மணி நேரம் அந்தச் சதுர அடைப்புக்குறியையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் கண்ட்ரோல்-எச், எஃப் போட்டுக் கட்டளையின் விளக்கத்தைப் படித்தேன். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், அது கர்சர் நிற்கும் இடத்திலிருந்து கோப்பின் முடிவு வரைதான் எண்ணுமாம். என் கர்சர் சொல்லுக்குப் பின்னால், கோப்பின் கடைசியில் நின்றது. சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். எட்டு! ('ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்தை மட்டும் இரண்டாக எண்ணும். என் புதிர்களில் அது வருவதில்லை.)

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தட்ட முடியாதே. கர்சர் நிற்கும் வரியை எண்ணிச் சொல்லும் நாலு வரிக் கட்டளை எழுதி, எஃப்-8 விசையில் பொருத்தினேன். மறுநாள் ஈமேக்ஸ் ஓர் எச்சரிக்கையோடு திறந்தது. தொடக்கக் கோப்பில் மேலே இருந்த ஏற்பாடுகள் வேலை செய்தன, கீழே இருந்தவை எதுவும் இல்லை. அந்த அடையாளமே பாதி விடை. கோப்பை ஈமேக்ஸ் மேலிருந்து ஒவ்வோர் அடைப்பாகப் படித்து நிறைவேற்றிக்கொண்டு வரும். எங்கோ ஓர் அடைப்பு மூடாமல் கிடந்தால், அதற்குக் கீழுள்ள அத்தனையையும் அதன் உள்ளடக்கம் என்றே எடுத்துக்கொண்டு, கோப்பு முடிந்தும் மூடவில்லையே என்று நின்றுவிடும். 'செக்-பேரன்ஸ்' என்ற கட்டளை கர்சரை நேராக என் புதிய கட்டளையின் முதல் அடைப்புக்குறியில் கொண்டு போய் நிறுத்தியது.

பிழை இவ்வளவு நேரடியாக அகப்படாதபோது, முதலில் மைனஸ், பெரிய எழுத்து க்யூ சேர்த்து ஈமேக்ஸைத் திறந்து பாருங்கள். நம் ஏற்பாடு எதையும் அது படிக்காது. அப்போது சரியாக ஓடினால் குற்றம் நம் கோப்பில்தான். கோப்பின் பாதியை முடக்கிப் பாருங்கள், பிறகு பிழை இருக்கும் பாதியில் பாதி. 400 வரிக் கோப்பானாலும் ஒன்பது சுற்றில் பிழையுள்ள வரி தனியாக நிற்கும்.

1996-இல் எங்கள் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி ஒரு வேதிப் பொறியாளர். ஊருக்கு வேண்டியதை ஊரே செய்துகொள்ள வேண்டும் என்று பாடுபட்டவர். ஈமேக்ஸில் உட்காரும்போது எனக்கு அந்த எண்ணம் வருவதுண்டு. 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் தமிழுக்கான இயல்பான உள்ளீட்டு முறை, ஒலிப்புவழித் தட்டச்சு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற விதிகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். ழகரத்தை எந்த விசையில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதைத் தட்டுகிறவர்தானே!

நேற்றுப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தட்டி எஃப்-8 அழுத்தினேன். திருமழிசை, ஐந்து. செம்பரம்பாக்கம், ஒன்பது. பூவிருந்தவல்லி, எட்டு. எங்கள் ஊரும் எட்டு என்பதால் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தேன். குத்தம்பாக்கத்தின் மூன்றாம் எழுத்தும் பூவிருந்தவல்லியின் ஐந்தாம் எழுத்தும் ஒரே கட்டத்தில் பொருந்தின. அந்தக் கட்டத்தில் 'த'.