பந்துக்குப் பின்னால் ஒரு மாயப் பந்து

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை ஒட்டிய விடுதிகள் சிலவற்றில் பூல் மேசை போட்டிருப்பார்கள். விடுமுறைக்கு வந்தவர்களில் ஒருவர் கியூவை எடுத்து வெள்ளைப் பந்தை ஓங்கி அடிப்பார். நிறப் பந்து குழிக்குள் விழாமல் குஷனில் மோதித் திரும்பும். "கை ஒத்துழைக்கலை" என்று சிரிப்பார். பெரும்பாலும் பிழை கையில் இல்லை, கண் பார்த்த இடத்தில்தான்.

இந்த விளையாட்டுக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன் தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு 1882இல் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பூல் பந்து சற்றுப் பெரியது, 57.15 மி.மீ. குறிவைக்கும் கணக்கு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

குழியின் நடுவிலிருந்து நிறப் பந்தின் மையம் வழியாக ஒரு கோட்டைக் கற்பனை செய்து பின்பக்கம் நீட்டுங்கள். அது பந்தின் பின்விளிம்பைக் கடக்கும் இடத்தில் வெள்ளைப் பந்து தொட வேண்டும். புதிதாக ஆடுபவர் அந்தப் புள்ளியை நோக்கியே வெள்ளைப் பந்தின் மையத்தைச் செலுத்துவார். ஆனால் மையம் அங்கே போய்ச் சேருமுன் பந்தின் பக்கம் வேறோர் இடத்தில் இடித்துவிடும். அடி தடிமனாக, அதாவது வேண்டியதைவிட நடுவுக்கு அருகில் விழும், பந்து குழியைத் தவறவிடும்.

வெள்ளைப் பந்தின் மையம் சேர வேண்டிய இடம், அதே கோட்டில், நிறப் பந்தின் மையத்திலிருந்து ஒரு முழு விட்டம் பின்னால் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒரு பந்து ஒட்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு, அந்த மாயப் பந்தின் நடுவைக் குறிவையுங்கள். 'கோஸ்ட் பால்' என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. காயை 'கட்' செய்யும்போது ஸ்ட்ரைக்கர் எங்கே வந்து ஒட்ட வேண்டும் என்று கண் தானாகவே அளந்துவிடும். மரிய இருதயம் போன்ற கேரம் உலக சாம்பியனைத் தந்த மண்ணில் இந்தக் கண் பலருக்கும் உண்டு.

மனத்தில் பதிக்க ஓர் அளவுகோல்: வெள்ளைப் பந்தின் மையத்தை நிறப் பந்தின் ஓரத்துக்கு நேராக அனுப்பினால், அதாவது பாதிப் பந்து மறையும்படி அடித்தால், நிறப் பந்து 30 டிகிரி விலகி ஓடும். முக்கால் பந்து மறைந்தால் சுமார் 14 டிகிரி, கால் பந்து மட்டும் மறைந்தால் ஏறக்குறைய 49 டிகிரி.

பந்தின் ஓரத்தை மட்டும் தொடும் மெல்லிய அடி ஏன் கடினம் என்பதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. நேர் அடியில் வெள்ளைப் பந்து 1 மி.மீ. பக்கவாட்டில் பிசகினால் நிறப் பந்தின் திசை 1 டிகிரி மாறும். ஒரு மீட்டர் ஓடியதும் அது 17 மி.மீ. விலகியிருக்கும். பூல் மேசையில் மூலைக் குழியின் வாய் சுமார் 114 மி.மீ. அகலம் என்பதால் பந்துக்கு இருபுறமும் 28 மி.மீ. இடம் மிஞ்சுகிறது, எனவே விழுந்துவிடும். அதே 1 மி.மீ. பிசகு 60 டிகிரி வெட்டில் 2 டிகிரியாகிறது, விலகல் 35 மி.மீ.! குழி தவறிவிடும்.

உராய்வும் தன் பங்குக்குக் குறுக்கிடும். இரு பந்துகளும் உரசும் நொடியில் நிறப் பந்து, வெள்ளைப் பந்து போகும் பக்கமாகச் சிறிது இழுபடும். மெதுவாக அடித்தாலும் பந்துகள் அழுக்காக இருந்தாலும் இழுப்பு கூடும். ஆகவே கணக்கு சொல்வதைவிட ஒரு மயிரிழை மெல்லியதாக அடிக்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் கம்பளித் துணி ஈரம் உறிஞ்சுவதால் பந்தின் ஓட்டமும் மந்தமாகும். ஆட்டத்துக்கு முன் பந்துகளைத் துடைப்பதும், இரண்டு அடி அடித்து மேசையின் வேகத்தை அறிவதும் நல்லது.

வெள்ளைப் பந்து போக வேண்டிய கோட்டை நின்றபடியே முடிவு செய்யுங்கள். நிமிர்ந்து நிற்கும்போதுதான் குழி, பந்து, கோடு மூன்றும் ஒன்றாகத் தெரியும். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே குனியுங்கள். குனிந்தபின் குறியை மாற்றத் தோன்றினால் எழுந்து மறுபடி தொடங்குங்கள். முழங்கைக்குக் கீழே உள்ள கை மட்டும் ஊசலாட வேண்டும். அடித்த பிறகும் தலையைத் தூக்கக் கூடாது.

பயிற்சிக்கு இன்னொரு பந்து போதும். குழிக்கு நேர்க்கோட்டில், நிறப் பந்தின் பின்னால் அதை ஒட்டி வையுங்கள். அடிக்கும் இடத்தில் நின்று அதன் நடுவை நன்றாகப் பாருங்கள். எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு வெள்ளைப் பந்தை அனுப்புங்கள். முதலில் குழிக்கு அருகே நேர் அடி, பிறகு பாதிப் பந்து அடி, கடைசியாக மெல்லிய அடி என்று ஏறுங்கள். மேசை கிடைத்ததும் நேராக ஆட்டத்தில் இறங்காமல் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். வேகமும் சுழற்சியும் பின்னால் கற்றுக்கொள்ளலாம். குறி படியாதவருக்கு அவை இரண்டும் உதவாது.