கைதியின் முறையீடும் விசாரிப்பவர் கடமையும்

தெலுக் இந்தான் நகரின் நடுவே நிற்கும் மணிக்கூண்டு 1885-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. தண்ணீர்த் தொட்டியையும் கடிகாரத்தையும் தாங்கிய அந்தக் கோபுரம் நாளடைவில் ஒரு புறம் சாய்ந்துவிட்டது. நாள்தோறும் அதனைக் கடந்து கடைத்தெருவுக்குச் செல்வோருக்கு அந்தச் சாய்வு புதுமையாகப் படுவதில்லை, கண் பழகிவிட்டது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறியவேண்டுமாயின், கொத்தனாரைப்போலத் தூக்குக்குண்டு கட்டித்தான் பார்க்கவேண்டும். தூக்குக்குண்டு சுவரை நிமிர்த்தாது. ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

சிறைச்சாலைக்கும் அத்தகைய அளவுகோல் ஒன்று வேண்டும் என்பது உலக நாடுகள் பல பட்டறிந்து கண்ட உண்மையாகும். கைதிகளின் முறையீடுகளை வெளியிலிருந்து வந்து விசாரிக்கும் அலுவலரே அந்த அளவுகோல். அவர் யார், அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யமுடியாது என்பதைத் தெரிந்துகொள்வது, உறவினர் ஒருவர் சிறையில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமன்றி யாவருக்கும் பயன் தரும்.

ஏன் வெளியார் வேண்டும்?

வெளியுலகில் ஒருவனை அடித்தால் அவன் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம், மருத்துவமனைக்குப் போகலாம், அண்டை வீட்டாரைச் சாட்சிக்கு அழைக்கலாம். சிறைக்குள்ளே இவற்றில் எதுவும் அவன் விருப்பப்படி நடவாது. கதவைப் பூட்டுபவரும், உணவு வழங்குபவரும், தண்டனை விதிப்பவரும், நடந்ததை ஏட்டில் எழுதுபவரும் ஒரே துறையினர். கண்டவன் இன்னொரு கைதி. அவனும் அதே கதவுக்குப் பின்னால் உறங்கவேண்டியவன். ஆகவே, முறையீடு பொய்யாயின் அதைப் பொய்யென்று காட்டவும், மெய்யாயின் அதை மெய்யென்று காட்டவும் உள்ளே இருப்பவர்களால் இயலாமற்போகிறது. நேர்மையான வார்டர் ஒருவர்மீது வீண்பழி விழுந்தாலும் அதைத் துடைக்க வெளியார் ஒருவரின் விசாரணையே துணை செய்யும்.

இவ்வெண்ணம் வளர்ந்த வரலாறு நீண்டது. குடிமக்களின் குறைகளைக் கேட்கும் ‘ஓம்பட்ஸ்மன்’ என்ற பதவியைச் சுவீடன் நாடு 1809-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியது. கனடாவில் 1971 ஏப்ரலில் கிங்ஸ்டன் சிறையில் பெருங்கலகம் மூண்டது. கைதிகள் தங்கள் குறைகளைச் சொல்ல நடுநிலையான வழி இல்லாமையும் அதற்குக் காரணம் என்று உணர்ந்த அரசாங்கம், 1973-இல் கைதிகளின் முறையீடுகளை விசாரிப்பதற்கென்றே தனி அலுவலகம் ஒன்றை அமைத்தது. இங்கர் ஹேன்சன் என்ற பெண்மணி அதன் முதல் அலுவலராக அமர்ந்தார். இங்கிலாந்தில் 1990-இல் மான்செஸ்டர் நகரின் ஸ்ட்ரேஞ்வேய்ஸ் சிறையில் கலகம் எழுந்து 25 நாட்கள் நீடித்தது. அதனை ஆராய்ந்த நீதிபதி வுல்ஃப், தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற கைதிகளின் மனக்குமுறலையும் ஒரு காரணமாகக் கண்டார். 1994-இல் அங்கும் தனி அலுவலகம் பிறந்தது. கேட்கப்படாத சிறு குறைகள் சேர்ந்து பெருந்தீயாக மூண்ட பின்னரே இரு நாடுகளும் விழித்தன என்பது கருதத்தக்கது.

திகார் சிறையிலிருந்து ஒரு கடிதம்

விசாரணை எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடமாகும். 1979-ஆம் ஆண்டில் தில்லி திகார் சிறையில் மரணதண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா என்பவர், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தம் குறையைச் சொல்ல அவர் எழுதவில்லை. வார்டர் ஒருவர் வேறொரு கைதியின் உறவினரிடம் பணம் பறிப்பதற்காக அக்கைதியைக் கொடிய முறையில் துன்புறுத்தினார் என்பதே கடிதத்தின் சாரம்.

நீதிமன்றம் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றுக்கொண்டது. வழக்கறிஞர்கள் சித்தலே, முகுல் முத்கல் ஆகிய இருவரையும் நீதிமன்றத்தின் துணைவராக நியமித்து, சிறைக்குச் சென்று கைதியைக் காணவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளை விசாரிக்கவும் அதிகாரம் கொடுத்தது. காயம் இருந்தது; அதை எவரும் மறுக்க முடியவில்லை. காரணந்தான் பலவாறு சொல்லப்பட்டது. கீழே விழுந்ததால் ஏற்பட்டது என்பது ஒன்று. கைதி தானே செய்துகொண்டது என்பது மற்றொன்று. மூலநோயால் வந்தது என்பது மூன்றாவது. ஒரே காயத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுமாயின், விசாரிப்பவர் அங்கேதான் நின்று நோக்கவேண்டும். மருத்துவக் குறிப்பையும் சாட்சிகளின் சொல்லையும் ஒப்பிட்டபோது, கைதி துன்புறுத்தப்பட்டது உண்மை என்றும், அதை மறைக்க முயற்சி நடந்தது என்றும் தெரியவந்தது.

1979 டிசம்பர் 20-ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர்; 1957-இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறைப் பொறுப்பையும் வகித்தவர்; 1948-இல் தாமே சிறிது காலம் சிறையிருந்தவர். சிறைகளில் குறைகேட்புப் பெட்டிகள் வைக்கப்படவேண்டும் என்றும், அவை மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருந்து திறக்கப்படவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கட்டளையிட்டது. பெட்டி வைப்பது எளிது. அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சிறைத்துறையின் கையில் சாவி இருந்தால், எழுதத் துணிபவர் எத்தனை பேர்?

விசாரிப்பவர் வேலை செய்யும் முறை

முறையீடு வந்தவுடன் முதலில் செய்யவேண்டியது பாகுபாடு. கைதி குற்றவாளியா, தண்டனை மிகையா என்பவை நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றில் விசாரிப்பவர் தலையிடுவதில்லை. சிறையில் அவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதே அவருக்கு உரியது. அவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. கொலை செய்தவனுக்கும் பல்வலி வரும். அதற்கு மருந்து தரவேண்டியது சிறையின் கடமை.

இரண்டாவது, விரைவு. உடலில் கன்றிய இடம் சில நாட்களில் மறைந்துவிடும். கண்காணிப்புக் கேமராவின் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும். கண்டவர்கள் வேறு சிறைக்கு மாற்றப்படலாம். ஆகையால் அடிபட்டதாகச் சொல்லும் முறையீட்டில், பதிவுகளை அழிக்காமல் காத்து வைக்கவும், மருத்துவர் உடனே பரிசோதிக்கவும் முதல் கடிதத்திலேயே எழுதுவர்.

மூன்றாவது, நேரில் கேட்டல். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை திருத்தி ஏற்றுக்கொண்ட கைதிகளை நடத்தும் குறைந்தபட்ச விதிகள், நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்குகின்றன. 27 ஆண்டுகள் சிறையிருந்தவரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது பொருத்தமே. பார்வையிட வருபவரிடம் சிறை அலுவலர் செவியில் படாதபடி பேசக் கைதிக்கு உரிமை உண்டு என்று 56-ஆம் விதி கூறுகிறது. முறையிட்டதற்காகப் பழிவாங்கப்படக்கூடாது என்று 57-ஆம் விதி கூறுகிறது. கைதிக்கு விளங்கும் மொழியில் விதிகளைச் சொல்லவேண்டும், எழுத்தறியாதவனுக்கு வாயால் சொல்லவேண்டும் என்று 55-ஆம் விதி கூறுகிறது. தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவன், மலாய் மொழியில் எழுதப்பட்ட படிவத்தின் முன் பேனாவைப் பிடித்துத் திகைத்து நிற்பதை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் அருமை புலப்படும். மொழிபெயர்க்கவும் சக கைதியையோ வார்டரையோ அழைத்தல் தகாது. நடுநிலையானவர் ஒருவர் வேண்டும்.

கேட்கும்போது கேள்விக்குள்ளே விடையை வைத்துக் கேட்கலாகாது. “அவர் உன்னை அடித்தாரா?” என்று கேட்பதைக் காட்டிலும், “அன்று காலை கதவு திறந்ததிலிருந்து நடந்ததைச் சொல்” என்று கேட்பது மேல். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியும் தரலாகாது.

நான்காவது, ஏடுகள். யார் எப்பொழுது வேலைக்கு வந்தார், எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, மருந்தகத்துக்கு யார் அழைத்துச் செல்லப்பட்டார், பலப்பிரயோகம் செய்ததாக எவரேனும் அறிக்கை எழுதினாரா என்பனவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். பத்து மணிக்கு நடந்ததைப் பத்து மணிக்கே எழுதிய குறிப்புக்கும், முறையீடு வந்த பின்னர் எழுதிய குறிப்புக்கும் வேறுபாடு உண்டு.

ஐந்தாவது, குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலரையும் கேட்டல். விசாரிப்பவர் கைதியின் வக்கீல் அல்லர். சிறையின் வக்கீலும் அல்லர். நூற்றுக்கணக்கானவர்களைச் சில பேர் காவல் காக்கும் இடத்தில் வார்டரின் அச்சமும் களைப்பும் மெய்யானவையே. அவர் சொல்வதைக் கேளாமல் முடிவுக்கு வருவது நீதியாகாது.

கடைசியாக முடிவு. கிரிமினல் குற்றம் நடந்ததாகத் தோன்றினால் அதனைப் போலீசுக்கும் அரசாங்க வழக்கறிஞருக்கும் அனுப்பவேண்டும். மற்றவற்றில் இன்னது நடந்தது, இன்னது திருத்தப்படவேண்டும் என்று பரிந்துரை செய்வர். முறையிட்டவனுக்கும் எளிய மொழியில் பதில் எழுதவேண்டும். அவன் முறையீடு தள்ளப்பட்டாலும் ஏன் தள்ளப்பட்டது என்று காரணம் சொல்லவேண்டும். பதில் வராத முறையீடு, தள்ளப்பட்ட முறையீட்டைவிடக் கசப்பானது.

காலந்தாழ்ந்தால் என்ன ஆகும்?

நிலையான அலுவலகம் இல்லாத இடத்தில் விசாரணை எவ்வளவு தாமதமாகும் என்பதற்குச் சென்னையே சான்று. இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவிய 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் அடிக்கப்பட்டனர். காயமுற்றவர்களில் ஒருவரான, சென்னையின் முன்னாள் மேயரும் பாராளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். ஆட்சி மாறிய பின்னரே, கம்பன் காவியத்தில் தோய்ந்தவரான நீதிபதி மு. மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று அது கண்டது. உண்மை வெளிவந்தது, ஆனால் சிட்டிபாபு அதைக் காண இல்லை. மேயராக இருந்தவருக்கே இந்நிலை என்றால், பெயரறியாத ஒருவனுக்கு எந்தக் கமிஷன் அமையும்? மறுநாளே கேட்கக்கூடிய நிலையான அலுவலகத்தின் தேவை இதனால் விளங்கும்.

நம் நாட்டில் உள்ள வழிகள்

மலேசியாவில் 1995-ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டப்படி வருகை நீதிபதிகள் நியமிக்கப்படுகின்றனர். சிறைகளைப் பார்வையிட்டுக் கைதிகளின் குறைகளைக் கேட்பது அவர்கள் கடமை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி 2000-இல் பணி தொடங்கிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம், தடுத்து வைக்கும் இடங்களைப் பார்வையிடவும், முறையீட்டின்மீதோ தானாகவோ விசாரணை நடத்தவும், சாட்சிகளை அழைக்கவும் அதிகாரம் பெற்றது. போலீஸ் லாக்கப்பில் நடந்தவற்றைப்பற்றி, 2023 ஜூலையில் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடம் முறையிடலாம். காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆம் பிரிவு விதிக்கிறது.

பேரா மாநிலத்தில் தைப்பிங், பத்து காஜா, தாப்பா ஆகிய இடங்களில் சிறைகள் உள்ளன. 1879-இல் தோன்றிய தைப்பிங் சிறை நாட்டின் பழமையான சிறைகளுள் ஒன்று. 2025 ஜனவரி 17-ஆம் நாள் அங்குக் கைதிகளை ஒரு கூடத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது நேர்ந்த சம்பவத்தில் ஒரு கைதி உயிரிழந்தார். தாங்கள் தாக்கப்பட்டதாகப் பலர் முறையிட்டனர். சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. கைதிகள் சாட்சி சொன்னார்கள். கேமராப் பதிவுகள் ஆராயப்பட்டன. சுவருக்குள் நடந்ததைப் பொதுமக்கள் செவியுறக் கைதியே எடுத்துச் சொல்ல முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விஷயத்தைச் சுஹாகாம் விசாரிக்க இயலாது. உரிமை மீறல் நடந்தது என்று கண்டாலும் உரிய அதிகாரிகளுக்குப் பரிந்துரை செய்யலாமேயன்றித் தண்டிக்க இயலாது. பரிந்துரையை ஏற்பதும் ஏலாததும் துறையினர் கையில் உள்ளது. பரிந்துரை என்னவாயிற்று என்று விடாமல் கேட்பவர்கள் இருந்தால்தான் அதற்கு வலு உண்டாகும். பாராளுமன்றத்தாரும் பத்திரிகைகளும் பொதுமக்களும் அவ்வாறு கேட்கவேண்டியவர்கள்.

குடும்பத்தார் செய்யத்தக்கவையும் உண்டு. சிறையில் சென்று பார்த்த நாள், நேரம், உடலில் கண்ட காயம், கைதி சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். மிகைப்படுத்தாமல், கண்டதை வேறாகவும் கேட்டதை வேறாகவும் எழுதவேண்டும். அனுப்பிய கடிதத்தின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் பத்திரப்படுத்தவேண்டும். எழுதத் தெரியாத தாய்க்கு எழுதித் தருவது, எழுதப் படித்த அண்டை வீட்டாரின் கடமையாகும்.

தண்டனை என்பது நீதிமன்றம் விதித்த அளவோடு நிற்கவேண்டும். அதற்குமேல் ஓர் அடியும் விழக்கூடாது. அந்த எல்லையைக் காப்பது கைதிக்குச் செய்யும் சலுகையன்று. சட்டம் தன் சொல்லைத் தானே காத்துக்கொள்வதாகும். சிறையின் பூட்டிய கதவுக்குள்ளிருந்து ஒருவன் எழுதும் கடிதம் தடையின்றி வெளியே வந்து, படிக்கப்பட்டு, பதிலும் பெறுமாயின் அந்நாட்டுச் சட்டம் சாயாமல் நிற்கிறது என்று நம்பலாம்.