எய்லன் டோனன் கோட்டையும் எதிர்க்கரை விடுதியும்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலே டூயிக், லோங், அல்ஷ் என்னும் மூன்று கடல்நீரேரிகள் கூடும் இடத்தில் ஒரு சிறு தீவு உண்டு. அத்தீவின்மேல் நிற்பது எய்லன் டோனன் கோட்டை. நாட்காட்டிகளிலும் பிஸ்கற் பேணிகளிலும் இக்கோட்டையை நாம் பலமுறை கண்டிருப்போம். 1998 இல் வெளிவந்த 'குச் குச் ஹோதா ஹை' என்னும் இந்திப் படத்தின் பாடற்காட்சியிலும் இது தோன்றுகிறது. இதனாலோ என்னவோ, கோடை விடுமுறையில் எம்மவர் குடும்பங்கள் வான்களில் வந்து இறங்குவதை இங்கு காணலாம். பாலத்திலே நின்று படம் எடுப்பார்கள், வானின் பின்கதவைத் திறந்து கட்டுச்சோறு உண்பார்கள், திரும்பிவிடுவார்கள். சில நிமிட நடைத்தூரத்தில் இருக்கும் டோர்ணிக் கிராமத்து விடுதிக்குள் எவரும் கால் வைப்பதில்லை.

காரணம் யாவரும் அறிந்ததே. 'பப்' என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனத்தில் எழுவது ஊர்த் தவறணை. பெண்டு பிள்ளைகளோடு போகும் இடமா அது? எம்மிடையே குடியாற் குலைந்த வீடுகள் உண்டு என்பதும், அவற்றுட் சில இந்நாட்டுக்கு வந்தபின் குலைந்தவை என்பதும் மறைக்கத்தக்கதன்று. எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். 'பப்' என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் குறுக்கம். பொதுமனை என்று பொருள் கொள்ளலாம். வழிப்போக்கருக்குப் படுக்கையும் உணவும் தரும் பழைய விடுதி, எமது பக்கத்து மடத்துக்கே கிட்டியது. கந்தர்மடம், ஓட்டுமடம் என்று ஊர்ப்பெயரிலேயே மடத்தைச் சுமப்பவர்கள் நாம். மலைநாட்டுக் கிராமமொன்றில் மழைநாளில் மனிதர் கூடிப் பேசுவதற்கு விடுதியை விட்டால் வேறு இடம் அதிகமில்லை.

சென்ற ஆவணியில் இரு குடும்பத்தினர் சேர்ந்து நாம் அங்கு நண்பகலிற் சென்றோம். தாழ்ந்த கூரை, தடித்த கற்சுவர், எரிந்துகொண்டிருந்த கணப்பு. ஆவணியிலும் கணப்பு வேண்டியிருந்தது! மேசையில் அமர்ந்து காத்திருந்தால் எவரும் வரமாட்டார்கள். கவுண்டருக்குச் சென்று சொல்லிப் பணமும் செலுத்திவிட்டு வந்து இருத்தல் இவ்விடத்து முறை. குடிக்கவேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. பிள்ளைகள் இர்ன்-ப்ரூ என்னும் செம்மஞ்சட் குளிர்பானத்தையும் பெரியவர்கள் தேநீரையும் கேட்டோம்.

உணவிலே 'கலன் ஸ்கிங்க்' என்ற சூப் குறிப்பிடத்தக்கது. புகையூட்டிய ஹடொக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் ஆகியவற்றாற் செய்வது. எம்மோடு வந்த அம்மா ஒருவர் ஒரு கரண்டி அருந்திவிட்டு, "கூழ் காய்ச்சத் தொடங்கி, புளியும் செத்தல் மிளகாயும் போட மறந்துவிட்டார்கள்" என்றார். எனினும் கோப்பையை மிச்சம் வைக்கவில்லை. ஹகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் என்பவற்றை ஓட்ஸ் தானியத்தோடு சேர்த்து ஆக்குவது. மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பதும் உண்டாகையால் விலக்குவோர் கேட்டறிதல் நன்று. பல இடங்களிற் சைவ ஹகிசும் கிடைக்கிறது.

சுவரிலே பழைய படமொன்று தொங்கியது. அதில் நாம் சற்றுமுன் கண்ட கோட்டை இல்லை. இடிந்த சுவர்த்துண்டுகளே இருந்தன. உண்மையில் கோட்டை பிறந்தது 13 ஆம் நூற்றாண்டில். இறந்தது 1719 இல். நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஸ்ருவேட் மன்னர் பரம்பரையை மீண்டும் அரியணை ஏற்ற முயன்றோருக்குத் துணையாக வந்த ஸ்பானிய வீரரில் ஐம்பதுக்கும் குறைவானோர் இங்கே வெடிமருந்தைக் காத்து நின்றனர். அவ்வாண்டு மே 10 ஆம் திகதி அரச கடற்படையின் மூன்று கப்பல்கள் பீரங்கிகளால் தாக்கின. பிடித்தபின், உள்ளே கிடந்த வெடிமருந்தைக் கொண்டே கோட்டையைத் தகர்த்தனர். பின்னர் ஏறத்தாழ 200 ஆண்டுகள் அது கற்குவியல். இக்கோட்டையைக் காவல் செய்த மக்ரே குலத்தின் வழிவந்த ஜோன் மக்ரே-கில்ஸ்ட்ராப் என்பவர் 1911 இல் தீவை வாங்கி மீளக் கட்டுவித்தார். வேலை முடிந்தது 1932 இல். நாம் நடந்து கடந்த பாலமும் அக்காலத்ததே. 'பழைமையான கோட்டை' என்று பிள்ளைகளுக்குக் காட்டப்படுவது எமது பாட்டன்மார் காலத்துக் கட்டடம்!

கோட்டை இடிந்து கிடந்த காலத்தில் அதன் குடிகளுக்கு நேர்ந்ததே எமக்கு மேலும் முக்கியமானது. நிலக்கிழாரான சீபோர்த் பிரபு 1778 இல் தம் குடிகளைத் திரட்டி ஒரு படையணி அமைத்தார். அதில் மக்ரே குலத்து இளைஞர் ஏராளம். சேரவேண்டிய பணம் கிடைக்கவில்லை. தம்மைக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற செய்தியும் பரவியது. அவர்கள் கப்பலேற மறுத்து, எடின்பரோ நகரருகே ஆதர்ஸ் சீற் என்னும் குன்றின்மேல் ஏறிச் சில நாட்கள் தங்கினர். இறுதியில் மன்னிப்பும் வாக்குறுதியும் பெற்று இறங்கினர். ஆயினும் 1781 இல் அப்படையணி இந்தியாவுக்கே அனுப்பப்பட்டது. பிரபு வழியிலேயே மாண்டார். 1782 இல் சென்னைக் கரை சேருமுன் 200 க்கும் மேற்பட்ட வீரரும் கடலில் மடிந்தனர்.

அப்படையணி பின்பு 72 ஆம் படையணி என இலக்கம் மாறியது. 1795 ஆவணியில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய படைகளுள் அதுவும் ஒன்று. கோணேசர் கோயிலுக்குப் போவோர் நுழையும் கோட்டைவாசல் இருக்கிறதே, அக்கோட்டையை முற்றுகையிட்டவர்கள் அவர்கள். முதலிற் சேர்ந்தோரிற் பலர் அதற்குள் இல்லாமற் போயிருப்பர். ஊரிலே வரலாறு கற்பித்த காலத்தில் 1795 என்ற ஆண்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதினோம். ஆங்கிலேயர் வந்தனர் என்றே பாடம். வந்தவர்களிற் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. கேலிக் பேசும் ஏழைக் குடியானவர்கள் என்பதைப் பாடம் சொல்லவில்லை.

அந்தக் கேலிக் மொழியைக் கணப்பருகே அமர்ந்திருந்த முதியவரிடம் கேட்டோம். எண்பதை அண்மித்த வயது. எமது கூட்டத்தைக் கண்டு தாமாகவே பேச்சுக் கொடுத்தார். வீட்டிலே தாம் பேசியது கேலிக் மட்டுமே என்றும், பள்ளியிலே அதற்கு இடமிருக்கவில்லை என்றும் கூறினார். பிள்ளைகள் முன்னேறவேண்டும் என்று அவர்களோடு ஆங்கிலமே பேசினாராம். இப்பொழுது பேத்தி கேலிக் மொழிமூலப் பள்ளியிற் படிக்கிறாள். அவளும் பாட்டனும் கேலிக்கிற் பேசும்போது நடுவில் இருக்கும் மகனுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எம்மில் எவரும் சிரிக்கவில்லை. எதிர்மேசையில் எமது பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலத்திற் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு எவ்விடமும் அளிக்கவில்லை. 1891 இல் அதைப் பேசியோர் இரண்டரை இலட்சத்துக்கு மேல்; 2022 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 70,000. கேலிக் மொழிமூல வகுப்புகள் 1985 இலே தொடங்கின. சொந்த நாட்டில், சொந்த மண்ணில், வீதிப் பலகைகளில் பெயர் எழுதப்பட்ட நிலையிலேயே இம்மொழியின் பாடு இது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை இரண்டு மணித்தியாலம் போதும் என்று வாதிடும் பெற்றோர் இந்த முதியவரிடம் அரைமணி நேரம் பேசிப் பார்க்கலாம்.

பிள்ளைகளோடு செல்வோர், அனுமதி உண்டா, எத்தனை மணிவரை என்று கவுண்டரில் முதலிற் கேட்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் இது ஒவ்வொரு விடுதியின் உரிமப்பத்திரத்துக்கேற்ப வேறுபடும். வாகனம் ஓட்டுபவர் ஒரு மிடறும் அருந்தாதிருத்தல் வேண்டும். 2014 டிசம்பர் முதல் ஸ்கொட்லாந்தின் எல்லையளவு இங்கிலாந்தைவிடக் குறைவு. கிளாஸ்கோவிலிருந்து வருவோர் போர்ட் வில்லியம் வழியாக வந்து ஏ87 வீதியைப் பிடிக்கலாம். கோட்டை வீதியோரத்திலேயே தெரியும். விடுதிக்கு அதற்கு அப்பால் கிராமத்துள் திரும்பவேண்டும்.