பழைய பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா? தெரியுமா உங்களுக்கு?

நூறு வயதைத் தாண்டிய பிஸ்டல்கள் இன்றும் சுடுகின்றன, தெரியுமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை வைத்தே குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடக்கின்றன! ஆனால் தோட்டா மாறிப்போனால்? எதிரே இருக்கும் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. சுடுகிறவரின் விரல்களுக்குத்தான் ஆபத்து! அந்த விநோத உலகத்துக்குள் ஒரு சுற்று போய் வருவோமா?

சிவப்பு 9!

1916. முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஜெர்மன் ராணுவம் மவுசர் நிறுவனத்திடம் எத்தனை சி96 பிஸ்டல்கள் கேட்டது தெரியுமா? 1,50,000! சிக்கல் என்னவென்றால், அந்த பிஸ்டலின் வழக்கமான தோட்டா 7.63 மி.மீ.; ராணுவம் கேட்டதோ 9 மி.மீ.! அவசரத்தில் யாராவது மாற்றிப் போட்டுவிட்டால்? பிடியின் மரத்தில் பெரிதாக ஒரு 9 செதுக்கி, சிவப்புச் சாயம் பூசிவிட்டார்கள்! இன்றும் அவற்றுக்கு ‘ரெட் நைன்’ என்றுதான் பெயர்!

சர்ச்சிலும் பம்பாயும்!

1898-ல் சூடானின் ஓம்துர்மான் போரில் இளம் சர்ச்சில் கையில் இருந்தது எது? அதே மவுசர் சி96! குதிரைப்படை வீரர் வாளை விட்டுவிட்டு பிஸ்டலை எடுத்தது ஏன்? 1896-ல் பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்கும்போது அவருடைய தோள்மூட்டு நழுவிவிட்டது! அதன் பிறகு வாள் வீசுவது சிரமமாகிவிட்டதாம்!

உருவம் ஒன்று, உதை வேறு!

மவுசரின் 7.63 மி.மீ. தோட்டாவையும் ரஷ்யாவின் 7.62 மி.மீ. டோக்கரேவ் தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? கஷ்டம்! டோக்கரேவ் தோட்டா மவுசருக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் அழுத்தம் பெரும்பாலும் அதிகம்! நூறு வயது மவுசருக்கு அது ஆகவே ஆகாது!

இன்னொரு ஜோடி வேண்டுமா? இத்தாலியின் கிளிசென்டி பிஸ்டல், 1910-ல் ராணுவத்துக்கு வந்தது. அதன் தோட்டாவும் புகழ்பெற்ற 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவும் அளவில் அச்சு அசல் ஒன்றே! ஆனால் கிளிசென்டி தோட்டாவில் வேகம் குறைவு. பாராபெல்லத்தைப் போட்டுச் சுட்டால் அந்த மெலிந்த பிஸ்டல் தாங்குமா? தாங்காது!

10,000 கூடுதல்!

அமெரிக்காவின் கோல்ட் 1900 மாடலுக்கு ஜான் பிரவுனிங் வடிவமைத்தது .38 ஏசிபி தோட்டா. 1929-ல் அதே அளவில் வந்தது .38 சூப்பர். வெளித்தோற்றத்தில் மாற்றமே இல்லை! அழுத்த வரம்போ சதுர அங்குலத்துக்கு 26,500 பவுண்டிலிருந்து 36,500 பவுண்டுக்குப் போய்விட்டது! கிழட்டுக் கோல்ட்டுக்குள் இந்த இளவட்டத் தோட்டாவைப் போட்டால் என்ன கதி?

காரின் டயரும் தோட்டாவும்!

அழுத்தம் என்கிறோமே, எவ்வளவு தெரியுமா? காரின் டயரில் இருப்பது சுமார் 33 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவின் உச்ச வரம்பு 35,000 பவுண்டு. ஆயிரம் மடங்கு! 1873-ல் பிறந்த .45 கோல்ட் தோட்டாவின் வரம்போ வெறும் 14,000!

3 மி.மீ. புத்திசாலித்தனம்!

1930-களில் .357 மேக்னம் தோட்டாவை உருவாக்கியபோது, அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட சுமார் 3 மி.மீ. நீளமாகச் செய்தார்கள். எதற்கு? பழைய .38 ரிவால்வருக்குள் அது நுழையவே கூடாது என்பதற்காக! உயிர் காத்த 3 மி.மீ.!

பேர்தான் அப்படி!

.38 ஸ்பெஷலின் குண்டு 0.38 அங்குலமா? இல்லவே இல்லை! சுமார் 0.357 அங்குலம்! குண்டும் மருந்தும் தனித்தனியாகப் போடும் பழைய .44 ரிவால்வருக்கு என்ன குண்டு? 0.451 அல்லது 0.454! .36 ரிவால்வருக்கோ 0.375! பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற வேண்டியதுதான்!

எத்தனை 9?

9 மி.மீ. என்றால் ஒன்றே ஒன்றா? எண்ணிக்கொள்ளுங்கள்! பாராபெல்லம், பிரவுனிங் ஷார்ட், பிரவுனிங் லாங், ஸ்டெயர், லார்கோ, மவுசர் எக்ஸ்போர்ட், மக்காரவ், கிளிசென்டி! மக்காரவின் குண்டு உண்மையில் 9 மி.மீ.-ஐத் தாண்டி சுமார் 9.25! தலை சுற்றுகிறதா?

குழல் மாற்றினால் போதும்!

1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது எஃப்.என். 1910 பிஸ்டல். முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய அந்த மாடலில் ஒரு வசதி! குழலை மட்டும் மாற்றினால் .380 தோட்டா போடும் பிஸ்டல் .32 பிஸ்டலாகிவிடும்! அப்படியானால் பழைய எஃப்.என். ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எதை? குழலைத்தான்!

சீவிய வெப்லி!

பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி மார்க் 6 ரிவால்வருக்கு உரியது .455 தோட்டா. அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளுக்கு அந்தத் தோட்டா சுலபமாகக் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? உருளையின் பின்பக்கத்தைச் சீவி, .45 ஏசிபி தோட்டாவை நுழைத்தார்கள்! அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லியின் சோதனை வரம்பையே தாண்டக்கூடியது! சுட்டவர்களின் துணிச்சலை என்னவென்பது?

பீகார் உப்பும் பிரிட்டிஷ் மருந்தும்!

பழைய கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அந்த வெடியுப்பை பிரிட்டன் எங்கிருந்து கப்பல் கப்பலாக அள்ளிப்போனது தெரியுமா? நம் பீகாரிலிருந்து! கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் கசடாகவே தங்கிவிடும். சுட்டு முடித்த கையோடு கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும்!

27 வருடக் காத்திருப்பு!

1884-ல் பிரான்ஸின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வருக்கு அந்த மருந்து ஏற்றதென்று கோல்ட் நிறுவனம் உத்தரவாதம் தந்தது எப்போது? 1900-ல்! அதற்கு முன் செய்த கோல்ட்டுகளுக்குக் கருமருந்துதான் கதி!

2 கிலோ ராட்சதன்!

1847-ன் கோல்ட் வாக்கர் ரிவால்வரின் எடை? சுமார் 2 கிலோ! ஒவ்வோர் அறைக்கும் 60 கிரெயின், அதாவது சுமார் 4 கிராம் கருமருந்து! அக்கால இரும்பு அதைத் தாங்கியதா? பல உருளைகள் வெடித்தே போயின! அடுத்து வந்த டிராகூன் மாடலில் மருந்தைக் குறைத்துவிட்டார்கள்!

ஒரு விசை, பல வெடி!

குண்டும் மருந்தும் தனித்தனியாகப் போடும் இந்த வகை ரிவால்வரில் ஓர் அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்குத் தாவினால்? அடுத்தடுத்து வெடிக்கும்! அதைத் தடுக்க என்ன வழி? அறையைவிடச் சற்றுப் பெரிய ஈயக்குண்டை இறுக்கி அழுத்துவார்கள். ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வர வேண்டும். வந்தால்தான் அடைப்பு சரி!

1857!

என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டா நம் நாட்டில் புரட்சிக்குத் தீமூட்டிய அதே வருடம், அமெரிக்காவில் பிறந்தது .22 ஷார்ட் தோட்டா! இன்றும் கடைகளில் கிடைக்கிறது! ஆனால் இன்றைய அதிவேகத் தோட்டாவை அந்தக் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் போடலாமா? கூடவே கூடாது!

முன்னே நகரும் உருளை!

மற்ற ரிவால்வர்களில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். 1895-ன் நாகான்ட்டில்? சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால் உருளையே முன்னே போய்க் குழலோடு ஒட்டிக்கொள்ளும்! அதன் தோட்டாவில் குண்டு முழுவதும் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும்! வேறு தோட்டா போட்டால் அந்த அடைப்பு வேலை செய்யாது!

லூகரின் பிடிவாதம்!

1908-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற லூகர் பிஸ்டலுக்கு எல்லாமே அளவாக இருக்க வேண்டும்! தோட்டா சோப்ளாங்கியாக இருந்தால் மேலே மடங்கி நிமிரும் இணைப்பு முழுதாகப் பின்னே போகாது. அடுத்த தோட்டா ஏறாது! உக்கிரமாக இருந்தால் உறுப்புகள் உடையும்! அதன் 9 மி.மீ. குண்டின் ஆரம்ப கால எடை? சுமார் 8 கிராம்!

வெந்நீரில் உருகும் உலோகம்!

முத்திரை அழிந்த பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செரோசேஃப் என்றொரு உலோகக் கலவை இருக்கிறது. 71 முதல் 88 டிகிரியில் உருகிவிடும்! அதை அறைக்குள் ஊற்றி எடுத்தால் அச்சு அப்படியே வந்துவிடும். ஆறும்போது முதலில் சுருங்கி, சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்குத் திரும்பிவிடும்! அளந்துகொள்ள வேண்டியதுதான்!

0.2 கிராம் குண்டு!

1914-ல் ஆஸ்திரியக் கடிகாரக்காரர் ஃபிரான்ஸ் ஃபானல் விற்பனைக்கு விட்ட கோலிப்ரி பிஸ்டலின் குண்டு எத்தனை மி.மீ.? 2.7! எடை? வெறும் 0.2 கிராம்! இன்று அதற்குத் தோட்டா தேடினால், சுடுகிறவர்களிடம் அல்ல, சேகரிப்பாளர்களிடம்தான் போக வேண்டும்!

13-ல் 10!

பழைய முறைத் துப்பாக்கிகளுக்கு உலக அளவில் போட்டி நடத்துகிறது எம்.எல்.ஏ.ஐ.சி. அமைப்பு. 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம். சிறந்த 10 மட்டும் கணக்கு! மருந்து? கருமருந்து மட்டுமே! புகையில்லா மருந்துக்கு அங்கே இடமே இல்லை!

என்ன, வாய் பிளந்துவிட்டீர்களா? ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே நுழைகிற தோட்டா எல்லாம் பொருத்தமான தோட்டா அல்ல! குழலில் உள்ள சோதனை முத்திரை, பிஸ்டலின் வயது, அறையின் அளவு, இந்த மூன்றையும் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் விசையில் விரல் வைக்க வேண்டும். இந்தியாவிலோ, 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் கட்டாயம்!