பந்தை ஓடவைத்த ஜியானி ரிவேரா

உதைபந்தாட்டத்தில் கோல் அடிப்பவரின் பெயர் மறுநாட் பத்திரிகையிலே கொட்டை எழுத்தில் வரும். கோலைக் காப்பவரின் பெயரும் வெற்றியிலோ தோல்வியிலோ அடிபடாமற் போகாது. இவ்விருவருக்கும் நடுவே நின்று ஆட்டத்தை நடத்திச் செல்லும் மத்தியகள ஆட்டக்காரரின் தொழிலோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது. எதிரணியாரிடமிருந்து பந்தை மீட்பதும், மீட்ட பந்தை முன்னே நிற்பவரின் காலுக்குத் தக்க தருணத்தில் அனுப்புவதுமே அவர் பணி.

இப்பணியை இரு வகையாகச் செய்யலாம். ஒருவர் மைதானமெங்கும் ஓடியோடி, வியர்வை சிந்திச் செய்வார். மற்றவர் அதிகம் ஓடமாட்டார், பந்தையே ஓடவைப்பார். இவ்விருவருள் உயர்ந்தவர் யார்? இந்த வழக்கு இத்தாலி நாட்டிலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடைபெற்றது. வீதியோரக் கோப்பிக் கடைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் ஓயாது நடந்த அவ்வழக்கின் நாயகர் ஜியானி ரிவேரா.

புகையிரத ஊழியரின் மைந்தர்

வட இத்தாலியிலே, பியமோந்தே மாகாணத்தில் அலெஸ்ஸாந்திரியா என்றொரு நகர் உண்டு. எகிப்து நாட்டுத் துறைமுகத்தின் பெயரை நினைவூட்டும் இந்நகரிலே, புகையிரத ஊழியர் ஒருவரின் மகனாக 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் ரிவேரா பிறந்தார். உலகப் போர் இத்தாலியைச் சின்னாபின்னமாக்கிக் கொண்டிருந்த காலம் அது. போர் ஓய்ந்த பின், வறுமையோடு போராடிய பிற சிறுவரைப் போலவே அவரும் பந்தோடு வளர்ந்தார்.

1959ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், தம் ஊர்க் கழகமான அலெஸ்ஸாந்திரியாவின் சார்பில், மிலான் நகரின் புகழ்பெற்ற இன்டர் கழகத்துக்கு எதிராக அவர் முதன்முதலாக மைதானத்தில் இறங்கினார். அன்று அவருக்கு வயது பதினைந்து. நம் மாணவர்கள் பள்ளிக்கூடத்து இளையோர் அணியில் இடம் கிடைக்குமா என்று ஏங்கும் வயதிலே, அவர் இத்தாலியின் முதற்பிரிவுச் சுற்றுப்போட்டியில் ஆடிவிட்டார்!

மறு ஆண்டிலேயே ஏ.சி. மிலான் கழகம் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. உருகுவே நாடு ஈந்த மாபெரும் ஆட்டக்காரர் ஹுவான் ஸ்கியாஃபினோ விட்டுச் சென்ற இடத்தை நிரப்பவேண்டிய பொறுப்பு, இன்னும் மீசை அரும்பாத அப்பிள்ளையின் தோளில் விழுந்தது. அதே 1960இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் விழாவிலும் அவர் இத்தாலிக்காக ஆடினார். "பொற்சிறுவன்" என்று நாடு அவரைக் கொஞ்சத் தொடங்கியது.

தாழ்ப்பாளும் திறவுகோலும்

அக்காலத்து இத்தாலியர் ஆட்டமுறைக்குக் "கதனாச்சியோ" என்று பெயர். தாழ்ப்பாள் என்பது அச்சொல்லின் பொருள். பின்வரிசையைக் கதவுபோல் அடைத்துத் தாழிட்டுக்கொண்டு, எதிரி அயர்ந்த வேளையிலே பாய்ந்து ஒரு கோல் அடித்துவிட்டு, மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வதே அம்முறையின் சூட்சுமம். இதிலே கைதேர்ந்தவர் மிலான் கழகத்தின் பயிற்றுநர் நெரேயோ ரொக்கோ. திரியெஸ்தே நகரத்து இறைச்சி வணிகக் குடும்பத்தில் உதித்தவர். கண்டிப்புக்கும் கரடுமுரடான பேச்சுக்கும் பேர்போனவர்.

இத்தகைய மனிதர் மெல்லிய உடலும் மென்மையான ஆட்டமும் கொண்ட ரிவேராவை ஒதுக்கிவிடுவார் என்றே எவரும் எண்ணுவர். ரொக்கோ செய்ததோ அதற்கு நேர்மாறு. தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்கும் திறவுகோல் ஒன்று வேண்டுமே! அத்திறவுகோல் ரிவேராதான் என்று கண்டுகொண்ட அவர், ஏனையோரை அவரைச் சுற்றி அமைத்தார். ஜியோவானி லொதெத்தி என்னும் அயராத உழைப்பாளி, ரிவேராவுக்கும் சேர்த்துத் தாமே ஓடினார். பந்தை அவர் பறித்துக் கொடுப்பார். ரிவேரா அதனைப் போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவார்.

பலன் விரைவிலே கிட்டியது. 1962இல் மிலான் இத்தாலியின் சம்பியனாயிற்று. 1963ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லண்டன் வெம்பிளி மைதானத்திலே, போர்த்துக்கல் நாட்டின் பென்ஃபிக்காவை 2-1 என்று வென்று, ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் இத்தாலியக் கழகம் என்ற பெருமையையும் பெற்றது. இரு கோல்களையும் அடித்தவர் அல்டாஃபினி. ஆயினும் அவற்றுக்கு வழி திறந்தவர் பத்தொன்பது வயது ரிவேரா. அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பொற்பந்துக்கான வாக்கெடுப்பில், சோவியத் நாட்டுக் கோல் காப்பாளர் லெவ் யாஷினுக்கு அடுத்த இடம் அவருக்குக் கிடைத்தது.

குட்டிப் பாதிரியார்

புகழ் வளரவே வசையும் வளர்ந்தது. ஜியானி பிரேரா என்பவர் இத்தாலியில் இணையற்ற செல்வாக்குப் பெற்றிருந்த விளையாட்டு எழுத்தாளர். அவர் ரிவேராவுக்கு "அபத்தீனோ" என்று பெயர் சூட்டினார். குட்டிப் பாதிரியார் என்பது அதன் பொருள். நேர்த்தியும் நளினமும் உண்டு, ஆனால் வலிமை இல்லை என்பதே அக்கேலியின் உட்கருத்து. பந்து தம் அணியிடம் இருக்கும்போது இவர் அரசர். பந்து எதிரியிடம் போய்விட்டாலோ அணிக்கு ஓர் ஆள் குறைவு என்று குறைகூறினர் எதிர்வாதிகள். பந்தைப் பறிக்க ஆயிரம் பேர் உண்டு, பறித்த பந்தைக்கொண்டு என்ன செய்வது என்று அறிந்தவர் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டனர் ஆதரவாளர்.

1966ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் எதிர்வாதிகளின் கை ஓங்கியது. இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே, பெயரளவிலும் அறியப்படாத வட கொரிய அணியிடம் 0-1 என்று இத்தாலி தோற்றது. அன்று ஆடியவருள் ரிவேராவும் ஒருவர். தாயகம் திரும்பிய வீரர்களை ஜெனோவா விமான நிலையத்திலே இரசிகர்கள் தக்காளிப் பழங்களால் வரவேற்றனர்!

ஆனால் ரிவேரா தளர்ந்துவிடவில்லை. 1968இல் மிலான் மறுபடியும் சம்பியனாயிற்று. 1969ஆம் ஆண்டு மே மாதம் மத்ரீத் நகரில், ஒல்லாந்தின் அயாக்ஸ் அணியை 4-1 என்று வீழ்த்தி இரண்டாவது முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவ்வாண்டு ஒக்டோபரில், உலகக் கழகங்களுக்கிடையிலான கிண்ணத்துக்காக ஆர்ஜென்டீனா சென்று எஸ்துதியந்தேஸ் அணியைச் சந்தித்தபோது, ஆட்டம் அடிதடியாக மாறிற்று. மிலான் வீரர் கொம்பினின் மூக்கெலும்பு உடைந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவே, கோல் காப்பாளரையும் ஏமாற்றிக் கடந்து சென்று, அமைதியாகப் பந்தை வலைக்குள் இட்டவர் யார் தெரியுமா? வலிமையற்றவர் என்று இகழப்பட்ட அதே குட்டிப் பாதிரியார்தான். இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் கிண்ணம் மிலானுக்கே கிட்டியது. அவ்வாண்டின் பொற்பந்தும் ரிவேராவை நாடி வந்தது. அவர் பெற்ற வாக்குகள் 83. அடுத்து வந்த அவர் நாட்டவரான கோல் வேட்டைக்காரர் ஜிஜி ரீவா பெற்றவை 79.

ஒரு நாற்காலிக்கு இருவர்

1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி மெக்சிக்கோவில் நடந்தது. அங்கே தேசிய அணியின் பயிற்றுநர் வல்கரேஜ்ஜிக்கு ஒரு சங்கடம் இருந்தது. மத்தியகளத்தில் ரிவேராவும் இருந்தார். இன்டர் கழகத்தின் சாந்திரோ மத்சோலாவும் இருந்தார். மத்சோலா வேகமும் உழைப்பும் மிக்கவர். இருவரையும் ஒருசேர ஆடவிட்டால் பின்வரிசை பலவீனமாகிவிடும் என்று பயிற்றுநர் அஞ்சினார். எனவே முதற்பாதிக்கு மத்சோலா, இடைவேளைக்குப் பின் ரிவேரா என்று ஏற்பாடு செய்தார். அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் இடம் கைமாறியதால், இத்தாலியர் இதனை அஞ்சலோட்டம் என்றே அழைத்தனர்.

இதனிடையே இன்னொரு கொடுமையும் நிகழ்ந்தது. முன்வரிசை வீரர் ஒருவர் காயமுற, அவருக்குப் பதிலாக இருவர் வரவழைக்கப்பட்டனர். அதனால் மெக்சிக்கோ வரை வந்திருந்த ஒருவர் வெளியேற வேண்டியதாயிற்று. அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர் வேறு யாருமல்லர். ஆண்டுக்கணக்காக ரிவேராவுக்காக ஓடிய லொதெத்திதான்.

காலிறுதியில் மெக்சிக்கோவுக்கு எதிராக இடைவேளையின்போது 1-1 என்றிருந்தது. ரிவேரா இறங்கினார். இத்தாலி மேலும் மூன்று கோல்கள் பெற்றது. அவற்றுள் ஒன்று அவருடையது.

ஜூன் 17ஆம் நாள் மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா மைதானத்திலே, மேற்கு ஜேர்மனியுடன் அரையிறுதி நடந்தது. எட்டாவது நிமிடத்தில் பொனின்சேஞா அடித்த கோலால் இத்தாலி முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயிலே ஜேர்மனியின் ஷ்னெல்லிங்கர் சமன் செய்தார். அவரும் மிலான் கழகத்தில் ரிவேராவின் தோழரே! மேலதிக நேரத்தில் கோல்கள் மாறிமாறி விழுந்தன. தோள் பிசகிய பெக்கன்பவர் கையை மார்போடு கட்டிக்கொண்டு ஆடினார். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, மூச்சு முட்டும் மெல்லிய காற்றில், இரு அணியினரும் தள்ளாடினர்.

110ஆவது நிமிடம். இத்தாலி 3-2 என்று முன்னிற்கிறது. ஜேர்மனியர் மூலையிலிருந்து உதைத்த பந்து தலைக்குத் தலை மாறி முல்லரிடம் வருகிறது. முல்லர் தலையால் தட்டிய பந்து, கோல் கம்பத்தருகே காவல் நின்றவருக்கும் கம்பத்துக்கும் இடையே புகுந்து வலைக்குள் போய்விடுகிறது. காவல் நின்றவர் ரிவேரா! கோல் காப்பாளர் அல்பெர்தோசி அவரை நோக்கிக் கோபாவேசத்தோடு கத்துகிறார். ரிவேரா கம்பத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். காக்கத் தெரியாதவர் என்று பிரேரா எழுதியது உலகறிய மெய்யாகிவிட்டது.

ஆட்டம் மீண்டும் நடுவிலிருந்து தொடங்குகிறது. ரிவேரா முன்னே செல்கிறார். பொனின்சேஞா இடப்புறமாக ஓடிப் பந்தைப் பின்னோக்கித் தள்ளுகிறார். அங்கே வந்துசேர்ந்த ரிவேரா, பந்தை நிறுத்தாமலே வலக்காலால் தட்டுகிறார். கோல் காப்பாளர் மாயர் ஒருபுறம் சாய, பந்து மறுபுறம் போகிறது. 4-3! முல்லரின் கோலுக்கும் இதற்கும் இடையே ஒரே ஒரு நிமிடம்.

நூற்றாண்டின் ஆட்டம் என்று அதனைப் போற்றும் கல்வெட்டு, பின்னர் அஸ்டெக்கா மைதானத்திலே பதிக்கப்பட்டது.

ஆறு நிமிடம்

நான்கு நாட்களின் பின் பிரேசிலுடன் இறுதியாட்டம். இடைவேளையின்போது 1-1. நாடே ரிவேராவை எதிர்பார்த்தது. பயிற்றுநரோ அவரை இறக்கவில்லை. பிரேசில் 3-1 என்று முன்னேறிய பின், 84ஆவது நிமிடத்திலேதான் அவரை அனுப்பினார். ஆறு நிமிடத்தில் மனிதர் என்ன செய்ய இயலும்? முடிவு 4-1. உலகத்தில் இரண்டாமிடம் பெற்றுத் திரும்பிய அணியை, ரோமாபுரி விமான நிலையத்திலே சினங்கொண்ட கூட்டம் எதிர்கொண்டது. "அந்த ஆறு நிமிடம்" என்றால் இத்தாலியர் இன்றும் புரிந்துகொள்வர்.

தொடக்கத்திலிருந்தே ஆடியிருந்தால் பெலேயின் பிரேசிலை ரிவேரா வென்றிருப்பாரா? அதனை எவராலும் நிறுவ முடியாது. வழக்கு முடியாமல் நின்றதற்கு அதுவே காரணம்.

ஒலிபெருக்கியின் முன்னே

1972இல் மத்தியஸ்தர்களின் நேர்மையைப் பகிரங்கமாகக் குறைகூறி அவர் நீண்ட தடைக்கு ஆளானார். மறு பருவத்தில் 17 கோல்கள் அடித்து, சுற்றுப்போட்டியில் அதிக கோல் பெற்ற மூவருள் ஒருவரானார். 1974இல் தேசிய அணிக்கான கடைசி ஆட்டத்தை ஆடினார். நாட்டுக்காக ஆடியவை 60, கோல்கள் 14.

1979ஆம் ஆண்டு மே மாதம், பத்தாவது சம்பியன் பட்டத்தின் வாயிலிலே மிலான் நின்றது. பொலோஞாவுடனான ஆட்டத்தைக் காணத் திரண்ட இரசிகர், பாதுகாப்பற்றதென மூடப்பட்டிருந்த மேடைப் பகுதியிலும் ஏறிவிட்டனர். அவர்கள் இறங்காவிடில் ஆட்டம் நடவாது. அப்போது முப்பத்தைந்து வயது ரிவேரா ஒலிபெருக்கியை எடுத்து, அவர்களை இறங்கும்படி வேண்டினார். கூட்டம் பணிந்தது, ஆட்டம் நடந்தது, பட்டமும் கிட்டியது. மிலானுக்காக 658 ஆட்டங்களும் 164 கோல்களும் நிறைவுற்ற நிலையில், அப்பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார். பின்னர் கழகத்தின் உப தலைவராயிருந்து, 1987இல் பாராளுமன்றம் புகுந்து, 1990களின் பிற்பகுதியில் பாதுகாப்பு அமைச்சிலும் உயர் பொறுப்பு வகித்தார்.

இனி வழக்கின் தீர்ப்பு என்ன? ரிவேரா காக்கத் தெரியாதவர் என்றனர். 110ஆவது நிமிடம் அதற்குச் சாட்சி. அவரின்றி வெல்ல முடியாது என்றனர். 111ஆவது நிமிடம் அதற்குச் சாட்சி. இரண்டும் ஒரே மனிதரின் இயல்பு. ஒன்றை வெட்டி எறிந்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. ரொக்கோ இதனை உணர்ந்திருந்தார். ஆகவேதான் ரிவேராவைத் திருத்த முயலாமல், அவருக்குப் பக்கத்தில் லொதெத்தியை நிறுத்தினார்.

வகுப்பிலும் வீட்டிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் காண்கிறோம். ஒரு பிள்ளை ஓடியாடி உழைக்கும். மற்றொரு பிள்ளை சோம்பியிருப்பதுபோல் தோன்றி, எவரும் காணாத வழியைக் காணும். ஒருவரைப்போல் மற்றவர் ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதிலே பயனில்லை. இருவரையும் ஓர் அணியில் சேர்த்துவைக்கத் தெரிந்தவரே நல்லாசான். அத்துடன், பொற்பந்து ரிவேராவின் கையில் மின்னும் படத்தைக் காணும்போது, அந்தப் படத்திலே இல்லாத லொதெத்தியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நம் கடன்.